சிலிக்கன் கியூபிட்டை வாசிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி, பொறியியல் முதலாம் ஆண்டு மாணவர், கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். கைத்தொலைபேசிச் சிப் ஒன்றுக்குள் ஆயிரம் கோடி திரான்சிற்றர்களை அடக்குகிறோம். அதே சிலிக்கனில், ஏறக்குறைய அதே முறையில், குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட்டையும் செய்யலாம் என்கிறார்கள். அப்படியிருக்க, எண்ணிக்கை ஏன் இன்னும் பத்துப் பன்னிரண்டை ஒட்டியே நிற்கிறது? வாசிப்புத்தான், அதாவது கியூபிட்டில் இருப்பது 0வா 1ஆ என்று அறிவதுதான், தடை என்று ஒரு காணொளியில் சொன்னார்களாம். செய்து வைத்த பொருளைப் பார்ப்பதில் என்ன தடை என்பது அவருடைய வியப்பு. கடைசியில், கல்முனைப் பக்கம் இருந்துகொண்டே இதில் எதையாவது உருப்படியாகப் படிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, வாசிப்பு மட்டுமே தடை என்பது சரியில்லை. ஒவ்வொரு கியூபிட்டும் மற்றதைப் போல அமையாமல் போவதும், கட்டுப்படுத்தும் கம்பிகளின் எண்ணிக்கையும் அதே அளவு தொல்லை தருகின்றன. ஆனாலும் வாசிப்பைப் பிடித்துக்கொண்டது நல்லதுதான். சிலிக்கன் கியூபிட்டின் பெருமை அதன் சிறுமை; அந்தச் சிறுமைதான் வாசிப்பைக் கடினமாக்குகிறது. வாசிக்கப்படும் பொருளைவிட வாசிக்கும் கருவி பல மடங்கு பெரிது. அதோடு, கருவியை விரைவாக்க நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும், நிறையக் கியூபிட்டுகளை ஒரே நேரத்தில் வாசிக்கும் வசதியில் ஒரு பங்கைத் தின்கிறது. நான் மேற்படிப்புக் காலத்தில் தாழ்வெப்ப ஆய்வுகூடம் ஒன்றில் இந்த அளவீட்டுச் சுற்றுகளோடு வேலை செய்தேன். இப்போது கல்லடியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். சுற்றுப் பக்கம் எழுதுவது கைப்பழக்கத்தால். சிப் உற்பத்திப் பக்கம் எழுதுவது வாசித்தறிந்தது. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் எதை வாசிக்கிறோம் என்று பார்ப்போம். திரான்சிற்றரின் படலை (gate) எனப்படும் மின்வாய்க்குக் கீழே, 50 முதல் 100 நானோமீற்றர் அளவான ஒரு குழியில் ஒரே ஒரு இலத்திரனைப் பிடித்து வைக்கிறோம். இதைக் குவாண்டம் புள்ளி என்பார்கள். காந்தப்புலத்தில் அந்த இலத்திரனின் சுழற்சி (spin) எனப்படும் இயல்பு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கும்; அவை இரண்டும்தான் 0, 1. டானியல் லாஸும் டேவிட் டிவின்சென்சோவும் குவாண்டம் புள்ளிகளில் இந்தத் திட்டத்தை 1998இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் புரூஸ் கேன், சிலிக்கனுக்குள் பதித்த பொசுபரசு அணுவை வைத்து இன்னொரு திட்டத்தை முன்வைத்தார். ஒரு தெஸ்லா காந்தப்புலத்தில் இரண்டு நிலைகளுக்கும் இடையிலான சக்தி வேறுபாடு ஏறத்தாழ 116 மைக்ரோ இலத்திரன்வோல்ற்று. அறை வெப்பநிலையில் அணுக்களின் வெப்ப அசைவு இதைப்போல 200 மடங்குக்கு மேல். அதனால்தான் முழுச் சிப்பையும் தனிப்பூச்சியத்துக்குச் சற்று மேலே குளிரூட்டுகிறார்கள். குளிரூட்டினாலும், ஒற்றை இலத்திரனின் காந்தத் திருப்பம் மிகமிகச் சிறியது. அதை நேரடியாக, பயனுள்ள வேகத்தில் அளக்க வழியில்லை. மின்னேற்றத்தை அளப்பது அப்படியல்ல. ஓர் இலத்திரன் 100 நானோமீற்றர் தள்ளிப் போனாலும் பக்கத்திலுள்ள நல்ல சுற்றுக்குத் தெரியும். ஆகவே வாசிப்பின் முதற்படி, சுழற்சியை இடமாற்றமாக மாற்றுவது. மேல்நோக்கியது என்றால் இலத்திரன் நகரட்டும், கீழ்நோக்கியது என்றால் நகராமல் இருக்கட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் நிலைபெற்றுவிட்டன. ஒன்றில், குழிக்குப் பக்கத்தில் இலத்திரன்கள் நிறைந்த ஒரு தேக்கம் இருக்கும். அதன் சக்தி மட்டத்தை இரண்டு நிலைகளுக்கும் நடுவே வைத்தால், உயர்ந்த நிலையிலுள்ள இலத்திரன் மட்டும் தடையை ஊடுருவித் தேக்கத்துக்குள் போகும். 2004இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் குழு இப்படித்தான் தனி இலத்திரனின் சுழற்சியை ஒரே முயற்சியில் வாசித்துக் காட்டியது. ஆனால் அது கலியம் ஆசனைட்டு என்ற வேறொரு குறைகடத்தியில். சிலிக்கனில் அதைச் செய்தது சிட்னியில் அந்திரியா மொரெல்லோவும் கூட்டாளிகளும், 2010இல். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட துல்லியம், 1.5 தெஸ்லாவில் சுழற்சியின் ஆயுள் ஏறத்தாழ 6 செக்கன். இந்த முறை அழகானது, ஆனால் மெதுவானது. இலத்திரன் எப்போது ஊடுருவும் என்பது நிகழ்தகவின் கையில் இருப்பதால் காத்திருக்க வேண்டும். தேக்கமும் மிகவும் குளிராக இருக்க வேண்டும்: ஒரு கெல்வினில் வெப்ப அசைவே 86 மைக்ரோ இலத்திரன்வோல்ற்று ஆகிவிடுகிறது, 116ஐ அதிலிருந்து பிரித்தறிய முடியாது.

மற்ற வழி, உயர்தர இரசாயனவியலில் நீங்கள் படித்த பௌலியின் தவிர்க்கைத் தத்துவத்தின் மேல் நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள், ஆளுக்கோர் இலத்திரன். ஒன்றை மற்றதன் குழிக்குள் தள்ளிப் பார்க்கிறோம். சோடிசேரக்கூடிய எதிரெதிர் நிலையில் இருந்தால் உள்ளே போகும். ஒரே திசையில் இருந்தால் போகாது. இதைப் பௌலித் தடுப்பு என்று சொல்லலாம். தேக்கம் வேண்டாம், பெரிய காந்தப்புலம் வேண்டாம், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். குறை என்னவென்றால், ஒரு கியூபிட்டை வாசிக்க, நிலை தெரிந்த இன்னோர் இலத்திரன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சிலிக்கனுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிக்கன் பளிங்கில் இலத்திரனுக்குக் கிட்டத்தட்ட ஒரே சக்தியுடைய இரண்டு நிலைகள் உள்ளன. அவற்றைப் பள்ளத்தாக்கு நிலைகள் என்பார்கள். அவற்றின் இடைவெளி போதாவிட்டால், தடுக்கப்பட வேண்டிய இலத்திரனும் பின்வழியாக உள்ளே போய்விடும். அந்த இடைவெளி குழிக்குக் குழி மாறுவதுதான் பெரிய தலையிடி.

இனி அந்த நகர்வை எப்படிக் காண்பது? பழைய வழி, கியூபிட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை இலத்திரன் திரான்சிற்றர் ஒன்றை வைப்பது. அருகிலுள்ள ஓர் இலத்திரன் நகர்ந்தால் அதன் மின்னோட்டம் மாறும். கூர்மையான காவலாளி. ஆனால் அதன் தடை 100 கிலோஓம் அளவில் இருக்கும். அதிலிருந்து குளிர்பதன இயந்திரத்துக்கு வெளியே வரும் வடத்தின் கொள்ளளவம் ஒரு நானோஃபரட் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் நேர மாறிலி 100 மைக்ரோசெக்கன். இலத்திரன் ஒரு மைக்ரோசெக்கனில் நகர்ந்து முடிந்தாலும், வடத்தின் வெளி முனைக்குச் செய்தி வந்துசேர அதைப்போல நூறு மடங்கு நேரம் ஆகும். முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே ஆச்சரியம். குவாண்டப் பொறிமுறை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நின்றது உயர்தரப் பாடப்புத்தகத்துக் கொள்ளளவிதான். 1998இல் ராபர்ட் ஷோல்கோஃப் குழு இதற்குத் தீர்வு கண்டது. மின்னோட்டத்தை நேரே அளப்பதை விட்டு, திரான்சிற்றரை ஒரு தூண்டியோடு சேர்த்துப் பரிவுச் சுற்றாக்கி, வானொலி மீடிறனில் ஓர் அலையை அனுப்பித் தெறித்து வருவதை அளந்தார்கள். இன்று வேகமான வாசிப்பு என்று சொல்லப்படும் அநேகமாக எல்லாமே இந்த யோசனையின் வழிவந்தவை.

இந்தச் சுற்றை என் வகுப்பில் மேசைமேல் காட்டுவதுண்டு. பி.வி.சி. குழாயில் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய மாறும் கொள்ளளவி, ஓர் அலைபிறப்பாக்கி, ஓர் அலைவுகாட்டி. ஒரு மெகாஹேட்ஸ் அளவில் பரிவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு மாணவரை அழைத்துக் கொள்ளளவியின் தகட்டருகே விரலைக் கொண்டுபோகச் சொல்வேன். தொடத் தேவையில்லை. இரண்டு சென்ரிமீற்றர் தூரத்திலேயே திரையில் அலையின் உயரம் விழத் தொடங்கும். விரல் சேர்த்த கொள்ளளவம் ஒரு பிக்கோஃபரட் கூட இராது. இருந்தும் சுற்றின் இயல்பு மீடிறன் நகர்ந்துவிடுகிறது. மின்விசிறி ஓடினால் கம்பி அசைந்து அலையும் ஆடும்; அப்போது விரலால் வந்த மாற்றம் எது, காற்றால் வந்த மாற்றம் எது என்று சொல்ல முடியாது. குறிப்பலையும் இரைச்சலும் ஒரே மேசையில் தெரிந்துவிடும்.

சிலிக்கன் சிப்பில் நடப்பதும் இதே பௌதிகவியல்தான். தனியாகத் திரான்சிற்றர்கூட வேண்டாம், கியூபிட்டைப் பிடித்திருக்கும் படலையிலேயே தூண்டியைத் தொடுத்துவிடலாம் என்று 2013 அளவில் காட்டினார்கள். இலத்திரன் இரண்டு குழிகளுக்கு இடையில் போய்வர முடிந்தால், படலைக்கு அது ஒரு சிறு கொள்ளளவமாகத் தெரியும். பௌலித் தடுப்பினால் போக முடியாவிட்டால் அந்தக் கொள்ளளவம் இராது. அதன் அளவு, நல்ல நிலைமையிலும், ஒரு ஃபெம்டோஃபரட்டை ஒட்டித்தான் இருக்கும். அதாவது பிக்கோஃபரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்கைப் பாருங்கள். தூண்டி 400 நானோஹென்றி, கம்பியிணைப்புகளின் தவிர்க்க முடியாத கொள்ளளவம் 500 ஃபெம்டோஃபரட் என்றால், பரிவு மீடிறன் ஏறத்தாழ 356 மெகாஹேட்ஸ். அதில் ஒரு ஃபெம்டோஃபரட் கூடினால் மீடிறன் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.36 மெகாஹேட்ஸ், கீழே இறங்கும். பரிவின் கூர்மையைக் காட்டும் தரக்காரணி 100 ஆக இருந்தால் பரிவு வளையியின் அகலமே 3.6 மெகாஹேட்ஸ். வளையியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்வைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உரத்து அலையை அனுப்பிக் கேட்கவும் முடியாது; உரத்தால் இலத்திரனே நிலைகுலைந்துவிடும். திரும்பிவரும் வலு பிக்கோவாட்டு அளவில், பெரும்பாலும் அதற்கும் கீழே. ஆகவே சிறு அலையைப் பெருக்கிக் காட்டும் நல்ல விரியலாக்கி வேண்டும், அகலம் குறைந்த பரிவு வேண்டும், வேண்டாத கொள்ளளவத்தைக் குறைக்க வேண்டும். கடந்த பத்தாண்டு உழைப்பின் பெரும்பகுதி இந்த மூன்றிலும் போயிருக்கிறது.

வேகமும் துல்லியமும் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கியூபிட்டைப் பத்தாயிரம் முறை தயாரித்து, பத்தாயிரம் முறை வாசித்து, கிடைத்த பெறுமானங்களை வலையுருவரையமாகப் போட்டால் இரண்டு மேடுகள் வரும். ஒன்று 0க்கு, மற்றது 1க்கு. நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப்பக்கம் 0, அந்தப்பக்கம் 1 என்று தீர்மானிக்கிறோம். மேடுகளின் இடைவெளி நியம விலகலைப்போல 4 மடங்கானால், தவறாகத் தீர்மானிக்கும் வாய்ப்பு 2.3 சதவீதம்; 6 மடங்கானால் 0.13 சதவீதம். இரைச்சல் சராசரியாகிக் குறைவது நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான். எனவே 4ஐ 6 ஆக்க இரண்டேகால் மடங்கு நேரம் தேவை. அப்படியானால் நீண்ட நேரம் அளந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. அளந்துகொண்டிருக்கும்போதே 1 தளர்ந்து 0 ஆகிவிடலாம். தளர்வு நேரம் ஒரு மில்லிசெக்கன், அளவீடு 6 மைக்ரோசெக்கன் என்றால் இதனால் மட்டும் ஏறக்குறைய 0.3 சதவீதத் தவறு சேர்கிறது. வரைபில் இது இரண்டு மேடுகளுக்கும் நடுவே மெல்லிய பாலம்போலத் தெரியும். ஒற்றைச் சுழற்சியின் ஆயுள் பல செக்கன் என்று பெருமையாகச் சொல்வது இங்கே உதவாது. பௌலித் தடுப்பு நிலையில் இரு இலத்திரன்களும் சேர்ந்திருக்கும்போது தளர்வு அதைவிட மிக விரைவாக நடக்கலாம். வாசிப்பைத் தீர்மானிப்பது அந்த ஆயுள்தான். அளவீட்டு நேரத்துக்கு ஓர் உத்தமப் புள்ளி உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதே ஆய்வுகூடத்தில் பாதி வேலை.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்? 2018க்கும் 2019க்கும் இடையில் பல குழுக்கள் படலை வழியாக ஒரே முயற்சியில் வாசித்துக் காட்டின. ஒன்றில் துல்லியம் 73 சதவீதம்தான். ஆனால் டெல்ஃப்ற் குழு, மின்தடையே இல்லாத மீகடத்தியாலான பரிவுச் சுற்றைச் சிப்பின்மேலேயே வைத்து, 6 மைக்ரோசெக்கனில் 98 சதவீதம் எடுத்தது. 2023இல், ஒரே ஒரு தேக்கத்தோடு இணைந்த சிறிய உணரியையும் மீகடத்தி விரியலாக்கியையும் சேர்த்து, 6 மைக்ரோசெக்கனுக்குள் 99.2 சதவீதம் என்ற முடிவு வெளியானது. இது பௌதிக மாதிரி ஒன்றைத் தரவுக்குப் பொருத்திப் பெற்ற எண் என்று அந்தக் கட்டுரையே வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஒப்பீட்டுக்கு, மீகடத்திக் கியூபிட்டுகளில் 2017இலேயே சூரிச்சில் 88 நானோசெக்கனில் 99.2 சதவீதம் எட்டிவிட்டார்கள். சிலிக்கன் இந்த ஓட்டத்தில் பின்தங்கித்தான் நிற்கிறது. காரணமும் மறைவானதல்ல: மீகடத்திக் கியூபிட் நூற்றுக்கணக்கான மைக்ரோமீற்றர் அகலமான பொருள், நுண்ணலை அதை இலகுவாகப் பிடித்துக்கொள்கிறது.

ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். வழுத் திருத்தத்துக்காக. குவாண்டம் கணினி ஒன்று நம்பகமாக ஓட வேண்டுமானால், ஏறக்குறைய பாதிக் கியூபிட்டுகளை ஒவ்வொரு சுற்றிலும் வாசித்து, எங்கே பிழை நேர்ந்தது என்று கண்டுகொண்டே போக வேண்டும். அவற்றை வாசிக்கும்வரை மற்றப் பாதி சும்மா காத்திருக்கும், காத்திருக்கும்போதே கெட்டுப்போகும். இயற்கைச் சிலிக்கனில் 4.7 சதவீதம் சிலிக்கன்-29; அதன் அணுக்கருவுக்கும் சுழற்சி உண்டு, அது கியூபிட்டைக் குழப்பும். அதை நீக்கித் தூய்மையாக்கிய சிலிக்கனில், சிட்னியில் 2014இல் அளந்த ஓரியல்பு நேரம், அதாவது கியூபிட் தன் குவாண்டம் நிலை கெடாமல் நிற்கும் நேரம், 120 மைக்ரோசெக்கன். துடிப்புகளால் தொடர்ந்து திருத்திக்கொண்டே போனால் 28 மில்லிசெக்கன். 2022 தொடக்கத்தில் டெல்ஃப்ற், சிட்னி, ஜப்பானின் ரிக்கென் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் இரண்டு கியூபிட்டுகளைச் சேர்த்துச் செய்யும் கணிப்புச் செயல்கள் 99 சதவீதத் துல்லியத்தைத் தாண்டியதாக அறிக்கைகள் வந்தன. செயல்கள் அந்த வாசலைத் தாண்டிவிட்டன. வாசிப்பும் அதே வேகத்தில், அதே துல்லியத்தில் கூட வந்தால்தான் பயன்.

இனி எண்ணிக்கை. ஒரு குவாண்டம் புள்ளி 100 நானோமீற்றர். நல்ல தூண்டிச் சுருள் ஒன்றைச் சிப்பில் வரைந்தால் 100 மைக்ரோமீற்றர் பக்கமுள்ள சதுரம் போய்விடும். பரப்பளவில் பத்து இலட்சம் மடங்கு. கியூபிட்டுக்கு ஒரு சுருள் என்று வைத்தால், சிலிக்கனின் சிறுமையால் கிடைத்த நன்மை அத்தனையும் அந்தச் சுருள்களுக்கே போய்ச் சேரும். மெல்லிய மீகடத்திப் படலங்களில் இலத்திரன்களின் சடத்துவமே தூண்டலைத் தருவதால் சுருளைச் சுருக்க வழியுண்டு. ஆனால் ஒரு கியூபிட்டின் அளவுக்கு யாரும் கொண்டுவந்ததில்லை. அதனால் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு வழி மீடிறனால் பங்கிடுவது: ஒவ்வொரு சுருளுக்கும் ஒவ்வொரு மீடிறன், எல்லாவற்றுக்கும் ஒரே வடம், ஒரே விரியலாக்கி. ஒரு மைக்ரோசெக்கனில் வாசிக்க வேண்டுமானால் ஒவ்வொரு அலைவரிசைக்கும் மெகாஹேட்ஸ் கணக்கில் அகலம் வேண்டும். பக்கத்து அலைவரிசையோடு கலக்காமல் இருக்க இடைவெளியும் வேண்டும். 10 மெகாஹேட்ஸுக்கு ஒன்று என்று பிரித்தால், 500 மெகாஹேட்ஸ் அகலமுள்ள விரியலாக்கியில் 50 அடங்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணிக்கை பாதியாகிவிடும். இது என் மேசைக் கணக்கு. எண்களை மாற்றலாம், ஆனால் விகிதத்தை மாற்ற முடியாது.

மற்ற வழி நேரத்தால் பங்கிடுவது. உங்கள் ஊரில் சிறுபோகத்துக்கு வட்டை விதானையார் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள்: வாய்க்கால் ஒன்றுதான், வயல்கள் பல; ஒருவருடைய வாய்க்கடை திறந்திருக்கும்போது மற்றவர்களுடையவை அடைத்திருக்கும், அடுத்த முறை வரும்வரை கட்டிய தண்ணீர் வயலில் நிற்க வேண்டும். கணினி நினைவகச் சிப்புகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அதே அமைப்பைக் குவாண்டம் சாதனத்தோடு சேர்த்து, ஒரே பரிவுச் சுற்றைத் திரான்சிற்றர் ஆளிகளால் மாறிமாறி இணைத்து வாசிக்கலாம் என்று 2019இல் செய்து காட்டினார்கள். ஒரு படலையை இணைத்து, வோல்ற்றளவை ஏற்றி, துண்டித்துவிட்டால், ஏற்றிய மின்னேற்றம் அங்கேயே நிற்கும், மெல்லமெல்லக் கசியும், கசிந்து கெடுவதற்குள் திரும்பி வந்து நிரப்ப வேண்டும். சிலிக்கன் தொழிற்சாலைகளுக்கு இது பழகிய கலை என்பதால் எனக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம். ஆனால் கணக்கு இங்கேயும் விடாது. ஒரு வாசிப்புக்கு 6 மைக்ரோசெக்கன், ஒரு பரிவுச் சுற்றுக்கு 100 கியூபிட் என்றால் ஒரு முறை சுற்றி வர 600 மைக்ரோசெக்கன். 120 மைக்ரோசெக்கன் ஓரியல்பு நேரத்தை அது விழுங்கிவிட்டது. வாசிப்பு பத்து மடங்கு விரைவானால் அதே பங்கீடு 60 மைக்ரோசெக்கனில் முடியும். திருத்தும் துடிப்புகளையும் சேர்த்தால் தாக்குப்பிடிக்கலாம். நேரத்தால் பங்கிடும்போது வேகம் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. மீடிறனால் பங்கிடும்போது குறைக்கிறது. உண்மையான இயந்திரம் இரண்டையும் கலந்துதான் செய்யும் என்று நினைக்கிறேன். இலத்திரனையே சிப்பின் ஓரத்திலுள்ள வாசிப்பு இடத்துக்கு நடத்திக்கொண்டு போகும் முயற்சிகளும் நடக்கின்றன. நல்ல முன்னேற்றம் உண்டு, ஆனால் போய்வரும் நேரமும் கணக்கில் சேரும்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக. வழக்கமான குளிர்பதன இயந்திரத்தால் 4 கெல்வினில் ஒரு வாட்டு அளவு வெப்பத்தை அகற்ற முடியும், 0.1 கெல்வினில் பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாகத்தான். 4 கெல்வினில் வைக்கும் விரியலாக்கி ஒன்றே பல மில்லிவாட்டு எடுக்கும். ஆயிரம் வாசிப்பு வடங்கள் என்று நினைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 2020இல் சிட்னிக் குழு 1.5 கெல்வினிலும் டெல்ஃப்ற் குழு 1.1 கெல்வினிலும் சிலிக்கன் கியூபிட்டுகளை இயக்கியது இதனால்தான் பெரிய செய்தியானது. அந்த வெப்பநிலையில் கட்டுப்பாட்டுச் சுற்றையும் கியூபிட்டோடு சேர்த்து வைக்க இடமுண்டு. 2025இல் சிட்னியில், வழக்கமான கணினிச் சிப்புகளின் தொழில்நுட்பமான சீமோஸில் செய்த கட்டுப்பாட்டுச் சிப் ஒன்றைக் கியூபிட்டுகளுக்கு மிக அருகில் குளிரிலேயே வைத்து இயக்கி, கியூபிட்டுக்குப் பெரிய கெடுதல் வரவில்லை என்றும் காட்டினார்கள். அது கட்டுப்பாடு, வாசிப்புச் சுற்றுக்கும் அது பொருந்துமா என்பது இன்னும் நிறுவப்பட வேண்டியது. வாசிப்பில் இரைச்சலுக்கு இடமே கிடையாது.

இதுவரை சொன்னவற்றில் எதை நம்பலாம், எதை ஐயத்தோடு பார்க்க வேண்டும்? சுழற்சியை மின்னேற்றமாக மாற்றுவது, வானொலி அலையால் வாசிப்பது, ஒரு சில கியூபிட்டுகளில் மைக்ரோசெக்கன் அளவில் 99 சதவீதத்தை எட்டுவது: இவை உறுதியானவை, பல இடங்களில் செய்து பார்த்தவை. டெல்ஃப்ற்றில் 2022இல் ஆறு கியூபிட் இயங்கியதும், இன்டெல் 2023இல் 12 கியூபிட் சிப்பை வெளியிட்டதும் உறுதி. ஆனால் இரண்டு கியூபிட்டில் கிடைத்த துல்லியம் இரண்டாயிரத்திலும் கிடைக்கும் என்பது இன்னும் நம்பிக்கை மட்டுமே. ஒரு சிப்பில் எல்லாக் குழிகளும் ஒரே வோல்ற்றளவுக்கு ஒரே விதமாக நடந்துகொண்டால்தான் பங்கிட்டு வாசிப்பது எளிது. அந்த ஒற்றுமை வந்துகொண்டிருக்கிறது, வந்துவிடவில்லை. எந்தக் கட்டமைப்பு வெல்லும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அவர் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். செய்தியொன்று வேகமான வாசிப்பு என்று முழங்கினால் மூன்று எண்களைச் சேர்த்தே தேடுங்கள்: எத்தனை மைக்ரோசெக்கன், எத்தனை சதவீதம், எவ்வளவு இடம். மூன்றில் ஒன்றை மட்டும் தந்திருந்தால், மற்ற இரண்டையும் விட்டுக்கொடுத்துத்தான் அதைப் பெற்றிருப்பார்கள். அந்தச் சதவீதம் மின்னேற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமா, சுழற்சியை மின்னேற்றமாக மாற்றும்போது வரும் தவறையும் சேர்த்ததா என்பதையும் பாருங்கள். இரண்டையும் குழப்பி எழுதும் செய்திகள் ஏராளம்.

கல்முனைப் பக்கம் இருந்துகொண்டு படிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், படிக்கலாம். பாதியை அல்ல, பாதிக்கு மேல். குளிர்பதன இயந்திரம் நம்மிடம் இல்லை, சிப் செய்யும் தூய அறையும் இல்லை. ஆனால் வாசிப்பு என்பது பெரும்பாலும் மின்சுற்றும் புள்ளிவிபரவியலும்தான், அவை இரண்டுக்கும் தனிப்பூச்சிய வெப்பநிலை தேவையில்லை. தெறிப்புக் குணகம், தடங்கல் பொருத்தம், இரைச்சல் வெப்பநிலை ஆகிய மூன்றையும் பொறியியல் பாடத்தில் வரும்போது தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். பழைய வானொலித் திருத்தும் கடைகளில் சுருளும் மாறும் கொள்ளளவியும் இன்னும் கிடைக்கும். மேலே சொன்ன விரல் பரிசோதனையை நீங்களே செய்து, மீடிறன் நகர்வை அளந்து எழுதுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒரு சிறு கணினிப் பயிற்சி. இலவசமாகக் கிடைக்கும் பைதன் மொழியும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். 0க்குச் சராசரி 0, 1க்குச் சராசரி 1 என்று வைத்து, ஒவ்வொரு 0.1 மைக்ரோசெக்கனுக்கும் ஒரு பெறுமானம் வருமாறு, நியம விலகல் 2 ஆன செவ்வன் பரம்பல் இரைச்சலைச் சேர்த்துத் தரவை உருவாக்குங்கள். 1 நிலையில் தொடங்கியவை தளர்வு நேரம் 100 மைக்ரோசெக்கனோடு எழுமாறாக 0க்கு விழட்டும். பத்தாயிரம் வாசிப்புகளை ஒரு மைக்ரோசெக்கன், 5, 10, 20, 50 மைக்ரோசெக்கன் என்று சராசரி எடுத்து வலையுருவரையம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மிகக் குறைந்த தவறு தரும் கோட்டைத் தேடுங்கள். தவறு முதலில் இறங்கி, ஓரிடத்தில் நின்று, பிறகு ஏறுவதைக் காண்பீர்கள். பிறகு தளர்வு நேரத்தை 1,000 மைக்ரோசெக்கனாக மாற்றி, அந்தத் திருப்புப் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். வரைபுகளை இதே கேள்வியின் கீழ் இடுங்கள். சராசரி எடுப்பதைவிட நல்ல தீர்மான முறை ஒன்று உண்டு, உங்கள் வரைபை வைத்தே அதை விளக்குகிறேன்.